மலையைக் குடைந்து வந்த தண்ணீர்

2014 தொடக்கத்தில் மழை பொய்த்தது; மலேசியாவின் சிலாங்கூர் மாநில அணைகளின் நீர்மட்டம் இறங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர்ப் பங்கீடு வந்தது. அடுக்குமாடி வீடுகளில் வாளி, அண்டா, குழந்தையின் குளியல் தொட்டி வரை தண்ணீர் பிடித்து வைத்தார்கள்.

அப்போது அண்டை மாநிலமான பகாங்கிலிருந்து நீர் கொண்டுவரும் சுரங்கம் முடியும் தறுவாயில் இருந்தது. நீளம் 44.6 கிலோமீட்டர், விட்டம் 5.2 மீட்டர். தித்திவங்சா மலைக்கு அடியில் செல்லும் இதன்மீது சில இடங்களில் 1,200 மீட்டருக்கும் மேல் பாறை. கெலாவ் அணையின் துணையோடு செமந்தான் ஆற்றிலிருந்து இறைக்கும் நீர், இதன் வழியே தன் ஓட்டத்திலேயே உலு லங்காட்டை அடையும். நாளொன்றுக்கு 189 கோடி லிட்டர் வரை.

ஆனால் இந்த நீரைச் சுத்திகரிக்கவேண்டிய லங்காட் 2 நிலையத்துக்குச் சிலாங்கூர் அரசு நெடுங்காலம் அனுமதி தரவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீர் கணக்கில் வராமல் போகிறது, முதலில் அதைத் தடுங்கள் என்றது. பற்றாக்குறை வாசலில் நிற்கிறது என்றது மத்திய அரசு. இரண்டிலும் உண்மை இருந்தது. 2014 பிப்ரவரி 26இல் இரு அரசுகளுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது.

கெலாவ் பள்ளத்தாக்கின் தெமுவான் பூர்வக்குடியினர் அணைக்காக ஊரையும் பழத்தோட்டங்களையும் விட்டுப் பெயர்ந்தார்கள். இரு அரசுகளும் பேசிய பேச்சில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.