இரண்டாவது சப்வூஃபரின் இடம்

வீட்டுக் கூடத்தில் ஹோம் தியேட்டர் அமைத்து, அதனுடன் நல்ல சப்வூஃபர் ஒன்றையும் சேர்த்தவர்கள் பெரும்பாலும் சந்திக்கும் குறை, சோபாவின் ஓரத்தில் அமர்ந்தவருக்கு இடியாக முழங்கும் ஓசை அதே சோபாவின் நடுவில் அமர்ந்தவருக்கு இருக்கும் இடம் தெரியாமல் ஒடுங்கிவிடுவதாகும். இதற்குப் பரிகாரமாகக் கடைகளில் பரிந்துரைக்கப்படுவது பொதுவாக இன்னும் பெரிய பெட்டி; ஆனால் பெரிய பெட்டி முழக்கத்தை மேலும் முழக்கமாக்குமே தவிர, ஒடுங்கிய இடத்தை நிரப்பாது. அந்த இடத்தை நிரப்ப வல்லது, சரியான இடத்தில் வைக்கப்பட்ட இரண்டாவது பெட்டி. அது ஓசையைக் கூட்டுவதற்கான செலவு என்று பலர் எண்ணினாலும், ஓசையை இருக்கைகளுக்கிடையே சமமாகப் பங்கிடுவதே அதன் தலையாய பயன்.

ஒரு நொடியில் காற்று எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் காட்டும் எண் அதிர்வெண் எனப்படும். அதன் அலகு ஹெர்ட்ஸ். மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடநூல் கணக்கு. அந்த நெடிய பரப்பின் அடிப்பகுதியை, அதாவது ஏறத்தாழ 20 முதல் 80 அல்லது 120 ஹெர்ட்ஸ் வரை உள்ள தாழொலியை மட்டும் எழுப்புவதற்கென்று அமைந்த ஸ்பீக்கர்ப் பெட்டியே சப்வூஃபர். பேச்சு வழக்கில் 'பேஸ்' என்று சொல்லப்படுவது இந்தத் தாழொலிதான். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸிலும், பியானோவின் இடக்கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. ஹோம் தியேட்டரின் 5.1 என்ற அமைப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் நிற்கும் 1, வெடி, இடி, நிலநடுக்கம் போன்ற ஓசைகளுக்காகத் திரைப்படத்தில் தனியே ஒதுக்கப்பட்ட தாழொலித் தடத்தைக் குறிக்கிறது. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவியால் எளிதில் அறிய இயலாது என்பதால், சப்வூஃபரை டி.வி.க்கு அருகிலேயே வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இனி வரும் செய்திகள் அனைத்தும் இந்தச் சுதந்திரத்தை நம்பியே நிற்கின்றன.

சிக்கலின் வேர் அலைநீளத்தில் இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர் மட்டுமே. 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அது 8.6 மீட்டர், 20 ஹெர்ட்ஸுக்கு 17 மீட்டருக்கும் மேல். ஒரு சாதாரண வீட்டுக் கூடத்தைவிட நீளமான இந்த அலைகள் சுவர்களுக்கிடையே முன்னும் பின்னும் மோதித் திரும்பும்போது, சில அதிர்வெண்களில் போகும் அலையும் வரும் அலையும் பொருந்தி, நகராமல் நின்று அதிரும் நிலையலையாக மாறிவிடுகின்றன. அறையின் நீளத்தைப் போல இரு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலியே இவற்றுள் முதலாவது. 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட கூடத்தை எடுத்துக்கொண்டால், நீளத்தின் முதல் நிலையலை ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸிலும், அகலத்தினது 43 ஹெர்ட்ஸிலும், உயரத்தினது 57 ஹெர்ட்ஸிலும் தோன்றும். இவற்றின் மடங்குகளும் கலவைகளும் அதற்கு மேல் வரிசையாக வரும்.

நிலையலையில் காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் சுவரை ஒட்டி உச்சமாகவும், நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். அழுத்தம் அற்றுப்போகும் அந்த இடத்தை இயற்பியலில் கணு என்பர். அகலவாட்டில் அறையின் மையக்கோட்டில் அமர்ந்தவர், மேற்கண்ட கூடத்தில் 43 ஹெர்ட்ஸின் கணுவிலேயே அமர்ந்திருக்கிறார். படம் பார்க்க மிக நல்ல இடம் என்று வீட்டுத் தலைவருக்கு ஒதுக்கப்படும் நடு இருக்கையில் தாழொலி மெலிந்து போவதற்கு இதுவே காரணம். ஒரே அறையில் உச்சத்துக்கும் கணுவுக்கும் இடையிலான வேறுபாடு, ஓசையளவின் அலகான டெசிபலில் 20ஐத் தாண்டுவதும் உண்டு. தாழ்ந்த அதிர்வெண்களில் செவியின் இயல்பு இந்த வேறுபாட்டை இன்னும் பெரிதாக்கிக் காட்டுகிறது: 1000 ஹெர்ட்ஸில் ஓசை இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும் என்றால், சப்வூஃபரின் எல்லையில் அதில் ஏறக்குறையப் பாதியே போதும்.

அதிர்வெண் வாரியாக ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்குவலைசரால் கணுவை நிரப்ப முயல்வது வீண். கணு என்பது ஓசை குறைவாக எழுப்பப்படும் இடம் அன்று, எழுந்த ஓசை தன்னையே அழித்துக்கொள்ளும் இடம். அங்கே எவ்வளவு கூட்டினாலும் அவ்வளவும் அழியும், ஆம்ப்ளிஃபையர் சூடாவதும் மற்ற இருக்கைகளில் காது அடைப்பதும்தான் மிச்சம். சுவரில் ஒட்டும் பஞ்சு அட்டைகளும் இங்கே உதவுவதில்லை. துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற பொருள் ஓர் ஒலியை நன்கு உறிஞ்ச, அதன் அலைநீளத்தில் கால் பங்கு ஆழமாவது தேவைப்படும்; 40 ஹெர்ட்ஸுக்கு அது 2 மீட்டருக்கும் மேல். முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டித் தாழொலியைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை எப்படி இத்தனை காலம் நிலைத்தது என்பது வியப்புக்குரியது.

இரண்டாவது சப்வூஃபர் செய்வது என்ன என்பதை ஊஞ்சலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் ஒரு பக்கம் நின்று தாளம் தவறாமல் தள்ளினால் ஊஞ்சல் உயர உயர ஆடும். எதிரெதிர்ப் பக்கங்களில் இருவர் நின்று, ஒரே கணத்தில், ஒரே வலிமையுடன் தள்ளினால் அது நகராது. அறையின் நீளவாட்டு முதல் நிலையலையில் முன்சுவரில் அழுத்தம் ஏறும்போது பின்சுவரில் இறங்குகிறது. முன்சுவரின் நடுவில் ஒன்றும் பின்சுவரின் நடுவில் ஒன்றுமாக வைக்கப்பட்ட இரு பெட்டிகள் ஒரே நேரத்தில் அழுத்தத்தை ஏற்றினால், அந்த நிலையலைக்கு ஆடவே வழியில்லாமல் போகிறது. அதுமட்டுமன்றி, இரண்டு பெட்டிகளும் அகலவாட்டின் சரிபாதியில், அதாவது 43 ஹெர்ட்ஸின் கணுவிலேயே நிற்பதால், அகலத்தின் முதல் நிலையலையையும் அவை எழுப்புவதில்லை. ஆக, இருக்கைக்கு இருக்கை ஓசையை மாற்றும் முதல் இரண்டு குற்றவாளிகளும் ஒரே ஏற்பாட்டில் அடங்கிவிடுகின்றன. உயரவாட்டு நிலையலை எஞ்சி நிற்கும். எனினும் அமர்ந்திருப்போர் அனைவரின் செவியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் அது எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்கிறது, எல்லாருக்கும் பொதுவான குறையில் பெரும்பகுதியை ஈக்குவலைசரால் திருத்தலாம்.

இந்தக் கருத்துக்கு முறையான ஆய்வு வடிவம் தந்தவர் ஹார்மன் நிறுவனத்தில் பணியாற்றிய டாட் வெல்டி. எத்தனை சப்வூஃபர்கள் போதும் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டு, ஒலிப் பொறியாளர் கழகத்தின் 2002ஆம் ஆண்டு மியூனிக் மாநாட்டில் அவர் அளித்த கட்டுரை, செவ்வக அறைகளில் பல்வேறு எண்ணிக்கைகளையும் இடங்களையும் கணினி மாதிரியால் ஒப்பிட்டது. நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்றாக நான்கு பெட்டிகள் வைப்பது மிகச் சிறந்தது, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைப்பது அதற்கு மிக நெருங்கியது, நான்குக்கு மேல் அடுக்குவதால் சொல்லத்தக்க பயன் இல்லை என்பன அதன் முடிவுகள். இதற்கு மாறாக, ஏர்ல் கெடஸ் என்ற ஒலியியலாளர், பெட்டிகளைச் சமச்சீராக அன்றி வெவ்வேறு தொலைவுகளில் சிதறி வைப்பதே மேல் என்று வாதிடுகிறார். இரண்டும் முரண்போலத் தோன்றினாலும், நாற்புறமும் மூடிய செவ்வக அறைக்கு முன்னதும், ஒழுங்கற்ற அறைக்குப் பின்னதும் பொருந்தும் என்று கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

அறை வடிவின் இந்த வேறுபாடும் சுவரின் பொருளும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு முக்கியமானவை. வட அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள மரச்சட்ட, ஜிப்சம் பலகைச் சுவர்கள் தாழொலிக்குச் சற்றே நெளிந்துகொடுத்து அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையும் அப்படி எதையும் விழுங்காமல் திருப்பி அனுப்புவதால், இங்கே உச்சங்கள் கூர்மையாகவும் கணுக்கள் ஆழமாகவும் அமைகின்றன. இரண்டாவது பெட்டியின் தேவை இங்கே கூடுதல் என்றே சொல்ல வேண்டும். அதே வேளையில், சாப்பாட்டு அறையை நோக்கியோ மாடிப்படியை நோக்கியோ ஒரு பக்கம் திறந்து கிடக்கும் கூடங்கள் செவ்வகக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அங்கே சுவரின் நடுப்புள்ளி என்ற விதி தொடக்கப் புள்ளி மட்டுமே, முடிவைச் செவியும் அளவீடும்தான் சொல்ல வேண்டும்.

அத்தகைய அறைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினாலும் இடையிலான விளைவு மாறாது என்பது, 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகுத்த நேர்மாற்று விதி. அதன்படி சப்வூஃபரைச் சோபாவின் மேலேயே தூக்கி வைத்து, தாழொலி நிறைந்த பாடல் ஒன்றை ஓடவிட்டு, பெட்டியை வைக்க இயலும் இடங்களில் எல்லாம் தரையோடு தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் ஒலி சீராக இருக்கிறதோ அந்த இடமே பெட்டிக்கு உரிய இடம். வீட்டார் சிரிப்பார்கள், ஆனாலும் முறை சரியானது. செவ்வக அறையிலேயே பின்சுவரில் வாசலோ அலமாரியோ குறுக்கிட்டால், முன்சுவரின் அகலத்தில் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் இரண்டையும் வைக்கலாம். அகலவாட்டின் முதல் இரண்டு நிலையலைகளும் அதனால் அடங்கும், நீளவாட்டுக் குறை மட்டும் அப்படியே நிற்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகவோ பக்கம் பக்கமாகவோ வைப்பதால் 6 டெசிபல் ஓசை கூடும், ஆனால் கணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டு பெட்டிகள் இணைந்து ஒலிக்கும் அதிர்வெண்களில் பழைய ஓசையை எட்ட ஒவ்வொன்றிலும் காற்றைத் தள்ளும் கூம்பு முன்னைய தூரத்தில் பாதியே அசைந்தால் போதும். ஒவ்வோர் ஆம்ப்ளிஃபையரும் தர வேண்டிய ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிறது. இதனால் கூம்பு திணறும்போது எழும் திரிபும் குறைகிறது. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டை வாங்குவதே உகந்தது. மூடிய பெட்டியையும் துளையுள்ள பெட்டியையும் கலந்தால், இரண்டின் அலைகளும் ஏறி இறங்கும் நேரம், அதாவது கட்டம், அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் வேறுபட்டு, உதவிக்கு வந்த பெட்டியே சில சுரங்களை அழித்துவிடும்.

இணைப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ரிசீவரில் சப்வூஃபருக்கான வாய் ஒன்றே இருந்தால், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு கேபிள் போதும். இரண்டு வாய்கள் இருந்தாலும், அவை தனித்தனியே கட்டுப்படுத்தக் கூடியவையா, உள்ளுக்குள் ஒன்றேயா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒவ்வொரு பெட்டியையும் தனியே ஓடவிட்டு ஓசையைச் சமன் செய்து, பிறகு இரண்டையும் சேர்த்து, கட்டத்தை மாற்றும் 0, 180 என்ற சுவிட்சை இருபுறமும் திருப்பிப் பார்த்து, இருக்கையில் எந்நிலையில் தாழொலி நிறைவாக இருக்கிறதோ அதில் நிறுத்த வேண்டும். ரிசீவரின் தானியங்கி அளவீட்டை அதன் பின்னரே ஓட்ட வேண்டும். அந்த அளவீடு சப்வூஃபரின் தொலைவை டேப் காட்டுவதைவிடக் கூடுதலாகக் காட்டினால் பிழை என்று திருத்தக் கூடாது. பெட்டியின் உள்மின்னணுவியல் உண்டாக்கும் தாமதத்தையும் அது தொலைவாகக் கணக்கிடுகிறது. பின்சுவர்ப் பெட்டி வேறொரு பிளக்கில் இணைக்கப்படும்போது 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எழுந்தால், இரண்டையும் ஒரே மின்வழியில் சேர்ப்பது தீர்வாகலாம். எர்த் முனையை வெட்டிவிடுவது உயிருக்கு ஆபத்து.

தனியாக அமர்ந்து கேட்பவருக்கு இந்தச் செலவு பெரும்பாலும் தேவையற்றது, நாற்காலியை ஓரிரு அடி முன்னோ பின்னோ நகர்த்தி, ஒரே பெட்டியை ஈக்குவலைசரால் திருத்தினாலே அவருக்குப் போதுமானது கிடைத்துவிடும். மூவர், நால்வர் சேர்ந்து பார்க்கும் கூடத்தில், ஒரு பெரிய சப்வூஃபருக்கான தொகையை இரண்டு நடுத்தரப் பெட்டிகளாகப் பிரித்துச் செலவிடுவதே அறிவுடைமை. அந்த முடிவுக்கு வருமுன், பின்சுவர் வரை எட்டும் நீளக் கேபிள் ஒன்றை மட்டும் வாங்கி, இருக்கும் பெட்டியை ஒரு வாரம் அங்கே வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.