கண்காணிப்பவர் யார் வீட்டில் இருக்கிறார்?

சந்தையில் அளவையையும் நிறுவையையும் பரிசோதிக்க முற்கால முஸ்லிம் ஆட்சியாளர்கள் முஹ்தஸிப் என்ற அதிகாரியை நியமித்திருந்தார்கள். வியாபாரிகளிடம் அவர் அன்பளிப்புப் பெறலாகாது என்று ஹிஸ்பா பற்றிய நூல்கள் வற்புறுத்தின. காரணம் சகோதரிகளுக்கு விளங்காததல்ல. கடைக்காரனின் சோற்றை உண்டவன் அவனது தராசில் கை வைக்கத் தயங்குவான்.

தராசிலே இப்படியென்றால் அணுமின் நிலையத்தில் என்னவாகும்?

2011 மார்ச் 11ஆம் திகதி யப்பானில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. தொடர்ந்து வந்த சுனாமி புக்குஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தினுள் புகுந்தது. அடுப்பை அணைத்த பின்னும் மண்சட்டியில் கறி கொதித்துக் கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அணு உலையும் அப்படித்தான். நிறுத்திய பின்னும் நாட்கணக்கில் நீர் இறைத்துக் குளிர்விக்க வேண்டும். அதற்கு மின்சாரம் தேவை. அவசரகால மின்பிறப்பாக்கிகளிற் பெரும்பாலானவையோ நிலக்கீழ் அறைகளில் இருந்தன. அவை மூழ்கின. மூன்று உலைகளில் எரிபொருள் உருகிற்று. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடுவாசலை விட்டு வெளியேறினர்.

எதிர்பாராத அனர்த்தம் என்றது கம்பனி. உண்மை வேறு. நமது கரைகளைச் சூறையாடிய 2004ஆம் ஆண்டுச் சுனாமி தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பி அறைக்குள்ளும் புகுந்திருந்தது. அங்கே உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அதன்பின் யப்பானியரும் ஆராய்ந்தனர். நிலையத்தின் தரையை மீறி அலை வந்தால் புக்குஷிமாவில் மின்சாரம் முற்றாக அற்றுப்போகலாம் என்பது 2006இலேயே கம்பனிக்கும் தெரியும், கண்காணிப்பு நிறுவனத்துக்கும் தெரியும். உலைகள் நின்ற தரையின் உயரம் 10 மீற்றர். 2008இல் கம்பனியின் சொந்தக் கணக்கே 15.7 மீற்றர் வரை நீர் எழலாம் என்றது. அந்தக் கணக்கு கண்காணிப்பாளர்களின் கைக்கு வந்ததோ 2011 மார்ச் 7இல்!

ஏன் அவர்கள் அதட்டிக் கேட்கவில்லை? அணுமின்சாரத்தை வளர்க்கும் பொருளாதார, வர்த்தக, கைத்தொழில் அமைச்சின் உள்ளேயே அந்தக் கண்காணிப்பு நிறுவனமும் இருந்தது. ஓய்வுபெறும் அமைச்சு அதிகாரிகளுக்கு மின்சாரக் கம்பனிகளில் ஆசனம் காத்திருந்தது. 2000இல் ஒரு பொறியியலாளர் பரிசோதனைப் பதிவுகளில் நடந்த மோசடியை அறிவித்தபோது, அவரது பெயரையே கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அமானிதத்துக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டா?

இதையும் 'கத்ர்' என்று சொல்லிக் கடந்துபோவோர் நம்மிலும் இருக்கிறார்கள். கடல் பொங்குவது அல்லாஹ்வின் நாட்டம். மின்பிறப்பாக்கியை நிலக்கீழ் அறையில் வைத்தது யாருடைய கை? பாராளுமன்றம் அமைத்த விசாரணை ஆணைக்குழு 2012இல், இது மனிதன் உண்டாக்கிய விபத்து என்றே எழுதியது.

அவ்வாண்டு செப்டெம்பரில் பழைய நிறுவனம் கலைக்கப்பட்டு, சுற்றாடல் அமைச்சின் கீழ் தனியான அதிகார சபை உருவாயிற்று. 2024 நவம்பரில் அச்சபை, நிலத்தடியில் உயிருள்ள பிளவு இருக்கலாம் என்பதால், ட்சுருகா நிலையத்தின் 2ஆம் உலையை மீண்டும் இயக்க அனுமதி மறுத்தது. புதிய விதிகளின் கீழ் அது சொன்ன முதலாவது 'முடியாது' அதுதான்.