தந்தையின் முதலெழுத்து

ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போது ஒரு மாணவனை அவனுடைய சாச்சா, அதாவது சித்தப்பா, அழைத்து வந்தார். தந்தை இறந்துவிட்டார் என்று அறிந்ததும், 'தந்தை பெயர்' என்ற இடத்தில் வளர்ப்பவரின் பெயரையே எழுதப் போனேன். பையன் மனம் நோகக் கூடாதே என்ற எண்ணம்தான். அவர் தடுத்தார். "சார், அவன் அத்தா பேரையே எழுதுங்க. வளர்க்கிறது நான், ஆனா அத்தா அவருதானே" என்றார். அதன் பிறகுதான் இதுபற்றி இஸ்லாமியச் சட்டம் சொல்வதைத் தேடிப் படித்தேன்.

எத்தீம் யார்?

பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளையே 'எத்தீம்'. தாய் உயிருடன் இருந்தாலும் எத்தீம்தான். நாம் சொல்லும் 'அனாதை' வேறு. நபிகள் நாயகமும் பிறக்கும் முன்பே தந்தையை இழந்து, பாட்டனாரிடமும் பிறகு தந்தையின் சகோதரர் அபூதாலிபிடமும் வளர்ந்தவர்.

பெயர்

வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் கூறுகிறது. எடுத்து வளர்ப்பது பெரும் நன்மை. வம்சத்தை மாற்றுவது கூடாது. இவ்வாறு பொறுப்பேற்று வளர்ப்பதே 'கஃபாலா'. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் 20ஆம் பிரிவில் இதைக் குறிப்பிடுகிறது. எடுத்து வளர்த்ததால் மட்டும் வாரிசுப் பங்கு வராது. ஆனால் வளர்ப்பவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குவரை அப்பிள்ளைக்கு உயில் எழுதலாம்.

சொத்து

4ஆம் அத்தியாயம் இதில் மிகக் கண்டிப்பானது. எத்தீமின் பொருளைத் தம் பொருளோடு சேர்த்து விழுங்குவது பெரும் பாவம். வசதியுள்ள பாதுகாவலர் அதிலிருந்து எதுவும் எடுக்கக் கூடாது. ஏழையானால் நியாயமான அளவு எடுக்கலாம். சொத்தை ஒப்படைக்கப் பிள்ளை பருவமடைந்தால் மட்டும் போதாது. பொருளைக் கையாளும் பக்குவமும் வேண்டும். அதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். வணிகர் வீட்டுப் பிள்ளை என்றால் பேரம் பேசி வாங்க, விற்கச் சொல்லிப் பார்க்கலாம் என்கிறார்கள் சட்ட அறிஞர்கள். ஒப்படைக்கும்போது சாட்சிகள் வேண்டும்.

நம் நாட்டில் முஸ்லிம் தனிநபர் சட்டப்படி, பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு; ஆனால் பிள்ளையின் சொத்துக்கு அவர் தானாகப் பாதுகாவலராவதில்லை. தந்தை அவரை உயிலில் நியமித்திருக்கலாம். இல்லையெனில், 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர்கள் சட்டத்தின்கீழ் அவர் நீதிமன்றத்தை அணுகலாம். தடுமாறி நிற்கும் தாய்க்கு இதை எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியரால் முடியும்.

படிவத்தில் தந்தை பெயரையும் பாதுகாவலர் பெயரையும் தனித்தனியே எழுதுவோம். வகுப்பில் 'அனாதை' என்ற சொல்லைத் தவிர்ப்போம்.

அந்த மாணவன் இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறான். ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும் தன் பெயருக்கு முன்னால் அத்தாவின் முதலெழுத்தைப் போடுகிறான். அன்று நான் அதை மாற்ற இருந்தேன்.