ஆஸிலேட்டரும் ஒரு பத்து கிலோ ஓம் மின்தடையும்

மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் அதிர்வெண் மாறுகிற ஆஸிலேட்டர் ஒன்றைச் செய்து, இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். அலை என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஊசி மாதிரி நிற்கவேண்டிய கோடு, அடியில் பாவாடை விரித்துக்கொண்டு நின்றது. மையத்திலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இருக்கும் இரைச்சல், அலையின் திறனைவிட 100 டெசிபல் மட்டுமே கீழே. ட்ரான்சிஸ்டரையும் கம்பிச்சுருளையும் வைத்து நான் போட்ட கணக்கு 109 என்றது.

100 டெசிபல் என்றால் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அது போதாதா? போதாது. ஜிஎஸ்எம் கைபேசியைப் பாருங்கள். நமக்கு வரும் சிக்னல் மைனஸ் 99 டிபிஎம். அதிலிருந்து 3 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வேறொரு சிக்னல் மைனஸ் 23 டிபிஎம்மில் அலறினாலும் நம்முடையது கேட்கணும் என்பது விதி. கைபேசிக்குள்ளிருக்கும் ஆஸிலேட்டரின் பாவாடை, அந்த அலறலை இழுத்துவந்து நம் சிக்னல் மேல் போர்த்திவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் 76 டெசிபல். 200 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்துக்கு 53. நம் சிக்னல் இரைச்சலுக்கு மேலே தலைகாட்ட 9. கூட்டினால் 138. அந்த 3 மெகாஹெர்ட்ஸ் தூரத்தில் பாவாடை அவ்வளவு கீழே கிடக்கணும்.

சரி, குறைப்பது எப்படி? எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம், டேவிட் லீசன் 1966-ல் எழுதிய குட்டிக் கட்டுரை. ஒத்ததிர்வுச் சுற்றின் தரக்காரணி, அதாவது க்யூ, இரட்டிப்பானால் இரைச்சல் 6 டெசிபல் இறங்கும். அலையின் வீச்சு இரட்டிப்பானால் இன்னொரு 6. நல்ல புத்திமதிதான், ஆனால் க்யூ கேட்ட இடத்தில் கிடைக்காது. குவார்ட்ஸ் படிகத்தில் பல்லாயிரக்கணக்கில் வரும். சிலிக்கான் சில்லில் வரைந்த சுருளில் பத்து, பதினைந்து வந்தாலே பெரிசு. நான் தடித்த கம்பியில் புதுச்சுருள் சுற்றினேன். க்யூ ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணக்கு 115-க்கு இறங்கியது. பாவாடை அசையவே இல்லை.

அடுத்து, நேரம். 1998-ல் அலி ஹாஜிமிரியும் தாமஸ் லீயும் எழுதிய கட்டுரை, ஒரே அளவு இரைச்சல் எந்தக் கணத்தில் வந்து இடிக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்று காட்டியது. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக அடிப்புள்ளியைக் கடக்கும்போது ஒரு தட்டு தட்டினால் வீச்சு மாறும், தாளம் மாறாது. உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதே தட்டு தட்டினால் தாளம் தப்பும். வீச்சில் வந்த பிழையை ஆஸிலேட்டர் தானே சரிசெய்துகொள்ளும். தாளப் பிழையைத் திருத்த அதனிடம் ஒன்றும் இல்லை, சேர்ந்துகொண்டே போகும். அதனால் ட்ரான்சிஸ்டர் தாளம் கெடாத கணத்தில் மட்டும் சுருக்கமாக ஒரு தட்டு தட்டிவிட்டு, மீதி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. கோல்பிட்ஸ் சுற்று கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. என்னுடையது கோல்பிட்ஸ். ஆக, இங்கேயும் பெரிய குற்றம் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த மின்தடை கண்ணில் பட்டது. அதிர்வெண்ணை மாற்றும் வராக்டர் டையோடுக்கு மின்னழுத்தம் கொண்டுபோகும் வழியில், 10 கிலோ ஓம். அதில் நேர்மின்னோட்டமே கிட்டத்தட்ட இல்லை, எனக்குச் சந்தேகம் வரவே இல்லை. ஆனால் மின்னோட்டம் இல்லாவிட்டாலும் மின்தடைக்கு வெப்ப இரைச்சல் உண்டு. அறை வெப்பத்தில் 10 கிலோ ஓமுக்கு, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் 13 நானோவோல்ட். துக்கடாதான். ஆனால் என் ஆஸிலேட்டர் ஒரு வோல்ட்டுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் நகரும். அப்படியென்றால் 13 நானோவோல்ட் அதிர்வெண்ணை 1.3 ஹெர்ட்ஸ் ஆட்டும். 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அது எவ்வளவு இரைச்சல் என்று போட்டால், மைனஸ் 100.7 டெசிபல். அனலைசர் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே எண்!

இந்தக் கணக்கில் க்யூவும் இல்லை, வீச்சும் இல்லை. நான் எவ்வளவு நல்ல சுருள் சுற்றினாலும் இந்த வழியாக வரும் இரைச்சலுக்கு அது தெரியாது. சுருளை மாற்றியும் கோடு அசையாதபோதே எனக்கு உறைத்திருக்கணும்.

அங்கே பெரிய கெபாசிட்டர் போட்டு வடிகட்டலாமே என்றால், போடலாம். டியூனிங் மந்தமாகும், பிஎல்எல்லுக்குள் வைத்தால் லூப்பே தள்ளாடக்கூடும். நான் மின்தடையை 1 கிலோ ஓமாக மாற்றினேன். உடனே 109. பிறகு வராக்டரின் பங்கைக் குறைத்து, பெரிய தாவல்களுக்குச் சுவிட்ச் போட்டு இணைக்கும் நிலையான கெபாசிட்டர்களை வைத்தேன். இப்போது ஒரு வோல்ட்டுக்கு 25 மெகாஹெர்ட்ஸ்தான் நகரும். இரைச்சல் 114.

சந்தேகம் தீர, பழைய சுருளைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். பாவாடை 5 டெசிபல் ஏறியது.