கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே

இணையதளம் ஒன்றில் புதுக் கணக்கு தொடங்குகிறீர்கள். நெட் இழுக்கிறது, பொறுமையில்லாமல் பொத்தானை இரண்டு முறை தட்டிவிடுகிறீர்கள். ஒரே மின்னஞ்சலோடு இரண்டு கோரிக்கைகள் சர்வருக்குப் போகின்றன. 'இந்த முகவரி ஏற்கெனவே இருக்கிறதா?' என்று இரண்டுமே தரவுத்தளத்தைக் கேட்கின்றன. இல்லை என்று பதில் வருகிறது. அந்த நொடியில் அது உண்மையும்கூட. இரண்டும் எழுதிவிடுகின்றன: ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. புரோகிராமை வரி வரியாகப் படித்தாலும் தப்பு கண்ணில் படாது. கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இருக்கும் மில்லி விநாடிகளில் அது ஒளிந்திருக்கிறது.

ரூபி ஆன் ரெயில்ஸ் போன்ற கருவிகள் வந்த காலத்தில், விதிகளெல்லாம் செயலியில் இருக்கட்டும், தரவுத்தளம் கிடங்காக இருந்தால் போதும் என்ற எண்ணம் டெவலப்பர்களிடையே பரவியது. ஆய்வாளர் பீட்டர் பெய்லிஸின் குழு 67 ரெயில்ஸ் செயலிகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஓட்டையைத்தான் விரிவாகக் காட்டியது.

ஒரு முகவரிக்கு ஒரே கணக்கு என்ற விதியை 'யுனிக்' என்று தரவுத்தளத்திடம் ஒப்படைத்தால் நடப்பது அழகானது. அந்த விதிக்காகத் தரவுத்தளம் வைத்திருக்கும் முகவரிப் பட்டியல், அதாவது இன்டெக்ஸ், எப்போதும் வரிசைப்படுத்தியே வைக்கப்படுவதால், ஒரே முகவரியை எழுத வரும் இருவரும் அதே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே சந்தித்துக்கொள்வார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இரண்டாமவரை நிறுத்திவைக்கிறது. முதலாமவரின் பரிவர்த்தனை உறுதியானால் இவருக்கு 23505 என்ற பிழை எண். அது ரத்தானால் இவர் உள்ளே போகலாம். செயலி எத்தனை சர்வரில் ஓடினாலும், நள்ளிரவில் யாரோ கையால் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினாலும் இதே கதைதான். அதனால் கடைசித் தீர்ப்பு தரவுத்தளத்துடையதாகவே இருக்க வேண்டும் என்பேன்.

செயலிக்கு வேறு வேலை உண்டு. முகவரி உண்மையில் இயங்குகிறதா என்று ஒரு மடல் அனுப்பிப் பார்ப்பது, 23505-ஐ மனிதருக்குப் புரியும் வார்த்தையாக்குவது எல்லாம் அதனுடையவை.

தரவுத்தளத்தின் மீது டெவலப்பர்களுக்கு இருந்த அவநம்பிக்கைக்கும் காரணம் இருந்தது. 2019-ல் 8.0.16 பதிப்பு வரும்வரை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், மதிப்பு நிபந்தனைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் 'செக்' விதியை மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். வயது கழித்தல் ஐந்து என்றாலும் ஏற்றுக்கொள்ளும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணைக்கு விதி போடுவதுதான் சிரமம். போஸ்ட்கிரெஸில் 'செக்' விதியை 'நாட் வேலிட்' என்று சேர்த்தால் இனி எழுதப்படுபவற்றுக்கு உடனே அமலாகும். பழைய பதிவுகளைத் திருத்தியபின் சரிபார்த்துக்கொள்ளலாம். 'யுனிக்' விதிக்கு அந்தச் சலுகை கிடையாது. இரட்டைப் பதிவுகளில் எது நிஜம் என்று ஒவ்வொன்றாக யாராவது உட்கார்ந்து தீர்த்தால்தான் இன்டெக்ஸ் உருவாகும்.