எட்டில் ஒரு தாயம்

திருக்கடையூரில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். மாலை மாற்றி முடித்துப் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், சத்திரத்துத் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் உருட்டினோம். பெரியப்பா இருபது முறை உருட்டியும் தாயம் விழவில்லை. அதனால் ஒரு காய்கூட இறங்கவில்லை. “கட்டை சரியில்லடா” என்றார். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த சுவாமி ஊரில் உங்களுக்கு ஒரு தாயம் கிடைக்காதா என்று அத்தை சிரித்தார்.

கட்டைமேல் குற்றமில்லை. பித்தளைக் கட்டைக்கு நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகள் சேர்ந்து 16 விதமாக விழலாம். தாயம் என்பது மொத்தம் ஒன்று; அது விழ இரண்டே வழி. அதாவது எட்டில் ஒன்று. இருபது வீச்சும் வீணாவது சுமார் 7 சதவீதம். வீட்டு விசேஷங்களில் அவ்வப்போது பார்க்கிற அளவுக்குச் சாதாரணம்தான்.

அதிகம் விழுவது மூன்று: 16இல் நான்கு வழி. ஆறுக்கும், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழியே. அத்தை இந்தக் கணக்கைப் படித்தவரல்ல. ஆனாலும் எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் தன் காயை நிறுத்தமாட்டார். வெட்டுப்படாத மலைக்கட்டத்தில் ஒதுங்குவார், அல்லது ஆறு தள்ளிப் போய்விடுவார். அவர் காய் வெட்டுப்படுவது அபூர்வம். அதை நாங்கள் ராசி என்போம்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ராசிக்கும் திறமைக்கும் இடையிலான இந்த இழுபறி எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆளுக்கொரு வேடம், வேடத்துக்கு ஏற்ற பலம். இன்று ஆடும் முறையில், 20 முகப் பகடையில் விழுவதோடு பலத்தைக் கூட்டி எதிரியின் கவச எண்ணைத் தொட வேண்டும். கவசம் 15 என்று வையுங்கள். பலம் 9 உள்ள வீரனுக்கு 6 விழுந்தால் போதும், 75 சதவீதம். பலம் 2 உள்ள கற்றுக்குட்டிக்கு 13 வேண்டும், 40 சதவீதம். ஆளுக்கு ஒரே வீச்சு என்றால், வீரன் தவறவிட்டுக் கற்றுக்குட்டி அடித்துவிடுவது பத்தில் ஒருமுறை நடக்கும். ஆளுக்கு 25 வீச்சு கொடுத்துப் பாருங்கள். அடிகளின் எண்ணிக்கையில் அவன் வீரனை முந்துவது நூற்றில் ஒருமுறைகூட இல்லை. பலம் குறைந்தவன் சண்டையைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்க வேண்டும். பலசாலிக்கு அவசரமே கூடாது. வைகுண்ட ஏகாதசிப் பரமபதத்தில் இந்த யோசனைக்கே வேலை இல்லை. அங்கே ஆடுபவர் கட்டையை உருட்டும் கை மட்டும்தான்.

திருக்கடையூருக்கு வருகிறவர்கள் பலர் தரங்கம்பாடி, காரைக்கால் வழியாகத் திருநள்ளாறுக்கும் போவார்கள். சூதில் நாட்டைத் தோற்ற நளன் சனி நீங்கப்பெற்ற தலம். கோயிலில் சனீஸ்வரனைப் பற்றித்தான் பேச்சு. எனக்கோ கதையின் வேறோர் இடம் பிடிக்கும். தேரோட்டியாக மறைந்து வாழும் நளனிடம் அரசன் இருதுபர்ணன் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, எண்ணாமலே அதன் இரண்டு கிளைகளில் இலையும் காயும் இத்தனை என்கிறான். நளன் மரத்தை வெட்டி எண்ணுகிறான். கணக்கு சரி. எண்ணும் வித்தையோடு சூதின் சூட்சுமமும் தனக்குத் தெரியும் என்கிறான் அரசன். குதிரை வித்தையைக் கொடுத்து அதைக் கற்றுக்கொள்கிறான் நளன். எல்லாவற்றையும் எண்ணாமல், சிறிது பார்த்துப் பெரிதை மதிப்பிடுவதை இன்று மாதிரிக் கணிப்பு என்கிறோம். நிகழ்தகவின் வரலாற்றை 1975இல் எழுதிய இயான் ஹாக்கிங் இந்த மரத்தடியில் நின்றுவிட்டுத்தான் போகிறார். பழங்காலத்தில் சூதுக்காயாக உருட்டியதும் இதே தான்றிக்காயைத்தான்.

பெரியப்பாவுக்காகக் கட்டையை மாற்றினோம். இருபத்தோராவது வீச்சிலும் எட்டில் ஒன்றுதான். இதுவரை விழாததற்கெல்லாம் சேர்த்து வைத்து விழாது. உருட்டினார். மூன்று. அதற்குள் உள்ளேயிருந்து, “இலை போட்டாச்சு” என்றார்கள்.