பள்ளி விளையாட்டு: சர்டிபிகேட் வாங்கினால் போதுமா?

மகன் ஜோனல் போட்டியில் 1500 மீட்டர் ஓடுகிறான். மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிவிட்டோம். அதற்கு மேல் என்ன பரிசோதனை?

கையெழுத்துப் போட்டவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாரா என்பதைப் பொறுத்தது. பி.இ.டி. மாஸ்டர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த, பெயரை மட்டும் மாற்றி எழுதித் தரும் சர்டிபிகேட் போட்டி நடத்துபவர்களுக்குத்தான் பாதுகாப்பு. முறையாகப் பார்ப்பவர் ரத்த அழுத்தம் எடுப்பார். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் இதயத்தைக் கேட்பார். இதயத்தசை தடித்துப்போகும் நோயில் எழும் முணுமுணுப்பு, எழுந்து நின்றால் பலமாகக் கேட்கும்.

அதைவிட முக்கியம், கேட்க வேண்டிய கேள்விகள். ஓடும்போது மயங்கி விழுந்தானா? நெஞ்சு வலித்ததா? கூட ஓடுகிறவர்களைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறதா? குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென இறந்தார்களா? சித்தப்பா தூக்கத்திலேயே போனது பையனுக்குத் தெரிந்திருக்காது. நன்றாக நீச்சல் தெரிந்த மாமா கிணற்றில் மூழ்கியதற்கு வீட்டில் வேறு காரணம் சொல்லி வைத்திருப்பார்கள். ஆகவே அப்பாவோ அம்மாவோ கூடப் போக வேண்டும்.

எல்லோருக்கும் இசிஜி எடுத்துவிட்டால் கவலை இல்லையே?

மருத்துவர்களிடையே ஓயாத வழக்கு இது. இத்தாலி 1982-ல் போட்டி வீரர்களுக்கு இசிஜியைக் கட்டாயமாக்கியது. அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இஸ்ரேலும் 1997-ல் கட்டாயமாக்கியது. அங்கே குறைந்ததாகத் தெரியவில்லை. தினமும் பயிற்சி செய்பவரின் நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இருப்பது சகஜம். பழக்கமில்லாதவர் அந்த இசிஜியைப் பார்த்தால் பையனை வீணாக வீட்டில் உட்கார வைத்துவிடுவார்.

இசிஜி தவறவிடுவதும் உண்டு. 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் சரிந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சனுக்கு முன்பு செய்த பரிசோதனைகளில் குறையே தெரியவில்லை. அவரைப் பிழைக்க வைத்தது மைதானத்திலேயே கிடைத்த நெஞ்சழுத்தமும் மின் அதிர்ச்சியும். என்னைக் கேட்டால், மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலே இசிஜி, எக்கோ இரண்டையும் எடுத்துவிட வேண்டும். அங்கே செலவு பார்க்கக் கூடாது.

மைதானத்தில் விழுந்தவனுக்கு சோடா கொடுக்கலாமா?

நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் வரும் தலைசுற்றல், காலை உயர்த்திப் படுக்க வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிந்தால், முதலில் இதயத்தைச் சந்தேகியுங்கள். இதயம் நின்றவுடன் சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். (வலிப்புக்கும் அதனால் பயனில்லை.) கூப்பிட்டால் பதிலில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தட்டும்.

வெயிலில் சுருண்டு விழுந்தால்?

உடல் கொதித்துப் பேச்சு உளறினால் முதலில் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரி அடுத்து. ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்துவது சிறந்தது; இல்லையென்றால் குடம் குடமாக ஊற்றலாம்.

காய்ச்சலோடு ஓடலாமா?

கூடாது. மாத்திரை போட்டுச் சூட்டை இறக்கிவிட்டு ஓடுவது இன்னும் மோசம். வைரஸ் இதயத்தசையைத் தாக்கியிருந்தால் அது தெரியாமலே போய்விடும். காய்ச்சல் விட்ட பிறகு நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் டாக்டரைப் பாருங்கள். இதயத்தசை அழற்சி என்று உறுதியானால் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு சொல்வார்கள், மாநிலப் போட்டிக்கே தேர்வாகியிருந்தாலும்.